பேரீச்சம்பழக்காரர் கற்றுத்தந்த பாடம்

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்டு வளராத தெரு தமிழ்நாட்டில் உண்டா? தலையிலே கூடை, தோளிலே கோணி, கையிலே தராசு. தெருமுனையில் குரல் கேட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடுவார்கள். ஓட்டை விழுந்த செம்பு, பிடி கழன்ற வாளி, துருப்பிடித்த கீல் என்று எது அகப்பட்டாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். நல்ல செம்பையும் தூக்கிப் போய்விட்ட பிள்ளையை அம்மா திட்டுவாள். பேரீச்சம்பழத்தின் இனிப்பு அந்தத் திட்டை மறக்கடித்துவிடும்!

அந்தப் பேரீச்சம்பழக்காரரை நாடு மதித்ததில்லை. படிக்காதவர் என்றது, பஞ்சை என்றது, வாசற்படிக்கு வெளியே நிற்க வைத்தது. ஆனால், இன்று குளிரூட்டிய மண்டபங்களிலே கூடி, 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று அழகான பெயர் சூட்டி அறிஞர்கள் பேசுகிறார்களே, அதைத்தான் அவர் தெருப்புழுதியில் நடந்து நடந்து நடத்திக் காட்டினார். மாநாடு கூட்டவில்லை, மலர் வெளியிடவில்லை, மாலை போட்டுக்கொள்ளவில்லை. நாட்டின் உலோகம் மண்ணோடு மண்ணாகிவிடாமல் மீண்டும் உலைக்களம் போய்ச் சேரும்படி செய்தார். அவ்வளவுதான்!

அந்தக் கோணிப்பை கற்றுத்தந்த பாடத்தைப் படிக்க மறந்தோம். விளைவு? நாடெங்கும் குப்பை மலைகள்!

மலையாகும் குப்பை, மடியும் மனிதர்

குப்பை என்றால் ஏதோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிற சங்கதி என்று எண்ணுவோர் உளர். கணக்கைப் பார்க்கட்டும். 2020–21-ஆம் ஆண்டில் இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 60 ஆயிரம் டன் குப்பை சேர்ந்தது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை. பத்து டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் பதினாறாயிரம் லாரிகள் வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். சென்னையிலே தொடங்கும் வரிசை திண்டிவனத்திலே போய் முடியும். அது ஒரு நாள் குப்பை! மறுநாள் இன்னொரு வரிசை!

அதே ஆண்டில் பிளாஸ்டிக் கழிவு மட்டும் 41 இலட்சம் டன். பஞ்சைவிட இலேசான பொருள் இலட்சக் கணக்கான டன் என்றால், அதன் பரப்பு எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் குப்பையை என்ன செய்தோம்? ஊருக்கு வெளியே கொட்டினோம். ஊருக்கு வெளியே என்றால் யாருமில்லாத இடத்திலா? இல்லை, ஏழைகள் குடியிருக்கும் இடத்தில்! கொடுங்கையூர் மக்களைக் கேளுங்கள், பெருங்குடி மக்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தது, நாள் கணக்கில் புகைந்தது. அதே மாதத்தில் டில்லியின் பால்ஸ்வா மேடு எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் எரிந்தது. பத்து நாட்களுக்கு மேல் அந்த நகரம் நச்சுப்புகையில் மூச்சுத் திணறியது.

எரிந்தது மட்டுமா? சரிந்தும் விழுந்தது. 2017 செப்டம்பர் முதல் நாள் டில்லி காஜிப்பூர் மேடு சரிந்து, சாலையிலே போனவர்களை வாய்க்காலில் தள்ளியது. இரண்டு உயிர்கள் போயின. அதே ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இலங்கையிலே புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலகாரத் தட்டு வைக்கவேண்டிய கூடத்தில் பிணங்களைத் தோண்டி எடுத்தார்கள். மாளிகைவாசிகளா அவர்கள்? மலையடியில் குடிசை போட்டு வாழ்ந்த உழைப்பாளிகள்!

ஆகவேதான் கூறுகிறோம், குப்பைச் சிக்கல் அழகுச் சிக்கலன்று, அது உழைப்பாளியின் உயிர்ச் சிக்கல்.

சாகாத உலோகம்

அந்த மலைக்குள்ளே என்ன கிடக்கிறது? நாற்றம் மட்டுந்தானா? நாட்டின் செல்வமும் கிடக்கிறது.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் அலுமினியம் செய்ய நான்கு டன்னுக்குக் குறையாமல் பாக்சைட் மண்ணை வெட்ட வேண்டும். ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி, மேட்டூர் ஆலைக்கு அனுப்பினார்களே, அந்த மண்! வெட்டிய மண்ணைக் காரத்தில் கரைத்து அலுமினா எடுக்க வேண்டும். மிஞ்சுவது செஞ்சேறு, அதைக் கொட்ட இன்னோர் இடம் வேண்டும். பிறகு அலுமினாவை மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்க வேண்டும். டன்னுக்குப் பதினாலாயிரம் யூனிட் அளவு மின்சாரம் இதிலே செலவாகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் விளக்கெரிக்கலாம், அந்த மின்சாரத்தில்!

இப்போது பழைய அலுமினியச் சட்டியை உருக்குங்கள். ஆகும் ஆற்றல் எவ்வளவு? புதிதாகச் செய்வதில் நூற்றில் ஐந்து பங்கு. மீதி 95 பங்கும் மிச்சம். மலையும் மிச்சம், மின்சாரமும் மிச்சம், செஞ்சேறும் இல்லை. உருக்கிய அலுமினியம் தரத்தில் தாழ்ந்ததா? அதுவுமில்லை. தக்கபடி பிரித்து உருக்கினால் பத்தாம் முறையும் அது அலுமினியம்தான். உலகில் இதுவரை செய்யப்பட்ட அலுமினியத்தில் நான்கில் மூன்று பங்கு இன்னும் ஏதோ ஒரு வடிவில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று அத்தொழில் துறையினர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

செம்பும் அப்படியே. பழையதை உருக்கினால் ஆற்றலில் பெரும்பகுதி மிச்சம். இரும்பும் அப்படியே. ஒரு டன் பழைய இரும்பு உலைக்குப் போனால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்புத்தாதுவும் அரை டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியும் பூமிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பலுடைக்கிறார்கள். ஆயுள் முடிந்த கப்பல் அங்கே கரையேறுகிறது. தொழிலாளி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறான். அந்தத் தகடு உருட்டாலைக்குப் போய்க் கம்பியாகி, எங்கோ ஒரு வீட்டின் கூரையைத் தாங்குகிறது. கடலில் மிதந்த இரும்பு, கூரையில் நிற்கிறது!

இவ்வளவும் தெரிந்த நாடு என்ன செய்கிறது? வெளிநாட்டிலிருந்து ஆண்டுதோறும் இலட்சக் கணக்கான டன் பழைய இரும்பையும் பழைய அலுமினியத்தையும் விலை கொடுத்து இறக்குமதி செய்கிறது. உள்நாட்டுத் தகரத்தையோ அழுகிய காய்கறியோடு சேர்த்து மேட்டிலே புதைக்கிறது. அண்டை வீட்டில் அரிசி கடன் வாங்கி, சொந்த நெல்லைச் சேற்றில் மிதிப்பவனை என்னவென்று அழைப்பது?

பிளாஸ்டிக்கின் கதை வேறு

உலோகத்தைப் போலத்தானே பிளாஸ்டிக்கும், உருக்கினால் போயிற்று என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால், உண்மையை மறைத்து ஊக்கம் தருவது நம் வழக்கமன்று.

பிளாஸ்டிக் என்பது நீண்ட நீண்ட சங்கிலிகளால் ஆன பொருள். ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் சங்கிலி அறுந்து குறுகுகிறது, வலு குன்றுகிறது. மேலும், பிளாஸ்டிக் ஒரு சாதியல்ல, பல. பாட்டிலைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட். 2 என்றால் பால் கேன், எண்ணெய் கேன் வகை. 3 என்றால் பி.வி.சி. 5 என்றால் பாலிபுரோப்பிலீன், அதாவது டப்பா, வாளி, மூடி வகை. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் உருப்படாது. பெட் துகளில் சிறிது பி.வி.சி. கலந்தாலும் முழுச் சரக்கும் கெடும். பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை!

பிரித்துக் கொடுத்தால் பெட் பாட்டில் கழுவப்பட்டு, நொறுக்கப்பட்டு, நூலாகிச் சட்டையாகிறது. கேன் உருகிக் குழாயாகிறது. ஆனால் ஷாம்பூ சாஷே? பிஸ்கட் உறை? சிப்ஸ் பை? அவற்றில் பிளாஸ்டிக் ஒரு படலம், அலுமினியம் ஒரு படலம், அதன்மேல் இன்னொன்று. பிரிக்க இயலாதபடி ஒட்டிவிட்டார்கள். வாங்குவோர் இல்லை, எனவே பொறுக்குவோரும் இல்லை. ஏழைக்கு மலிவாகக் கொடுக்கிறோம் என்று ஒரு ரூபாய்ப் பொட்டலம் விற்றவர் இலாபத்தை எடுத்துக்கொண்டார். பொட்டலத்தை நம் தெருச் சாக்கடைக்கு விட்டுவிட்டார்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலை போடும் வழியைக் கண்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழன் மூளைக்குக் கிடைத்த பெருமை அது. ஆயினும், சாலைக்குள் போன பிளாஸ்டிக் மீண்டும் பொருளாவதில்லை. அது ஒரு முறை உதவி. ஓயாமல் உற்பத்தி செய்பவனுக்கு அதுவே மன்னிப்புச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

உலகக் கணக்கைக் கேளுங்கள். 2015 வரையில் உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் கழிவானது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சி ஆனது நூற்றுக்கு ஒன்பது. எரிக்கப்பட்டது பன்னிரண்டு. மீதி 79 விழுக்காடும் மண்ணிலும் கடலிலும்! 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. ஆகவே, பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை முதல் மருந்து, தேவையற்றதைச் செய்யாமலிருப்பது. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டதும், 2022 சூலையில் நாடு முழுதும் தடை வந்ததும் அதற்காகத்தான். தடை தாளில் இருக்கிறது. பை கடையில் இருக்கிறது! தள்ளுவண்டிக்காரரிடம் பையைப் பறித்து அபராதம் போடுகிற அதிகாரி, அந்தப் பை பிறந்த ஆலையின் வாசலை மிதிக்க ஏன் தயங்குகிறார் என்று கேட்கக் கூடாதா?

யார் தோளில் இந்தப் பாரம்?

இத்தனை மறுசுழற்சியும் இந்த நாட்டில் யாரால் நடக்கிறது? அரசு ஆணையாலா? ஆலை முதலாளியின் அருளாலா?

விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவுக்கு வந்து பாருங்கள். கோணிப்பையோடு ஒரு பெண் குனிந்து குனிந்து போவார். அவர் கையில் உறையில்லை, காலில் நல்ல செருப்பில்லை. நாய் குரைக்கும், காவலர் விரட்டுவார், கண்ணாடிச் சில்லு கிழிக்கும். அவர் பொறுக்கியது காயலான் கடைக்குப் போகும். அங்கிருந்து மொத்த வியாபாரிக்கு. அங்கிருந்து பிரிக்கும் கொட்டகைக்கு. அங்கிருந்து நொறுக்கும் இயந்திரத்துக்கு. அங்கிருந்து ஆலைக்கு. படிக்குப் படி விலை ஏறும். ஏறாதது ஒன்றுதான், முதற்படியில் நிற்கும் அந்தப் பெண்ணின் கூலி!

ஆபத்து அதைவிடக் கொடிது. செம்புக்காக மின்கம்பியைத் திறந்த வெளியில் எரிக்கிறார்கள். பி.வி.சி. உறை எரிந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு எழும். பழைய பேட்டரியை உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் உருக்குகிறார்கள். 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதற்குரிய பெருங்காரணங்களில் ஒன்று இந்தப் பேட்டரி உருக்கல். ஈயம் பிள்ளையின் மூளையைத் தாக்கும், அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அப்பன் வயிற்றுப்பாட்டுக்காக உருக்குகிறான், பிள்ளையின் எதிர்காலம் அந்த உலையில் உருகிப்போகிறது!

சட்டம் இல்லையா? உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகள், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து அமைப்பில் இணைக்க வேண்டும் என்றன. 2022-இல் வந்த விதிகள், பிளாஸ்டிக் பொதியைச் சந்தைக்கு விடுபவரே அதைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்றன. கெட்டிப் பிளாஸ்டிக் பொதிகளில் 2025–26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டும் என்றும் கூறின. நல்ல விதி, வரவேற்கிறோம். நடந்தது என்ன? மறுசுழற்சி செய்ததாகச் சான்று வாங்கிக் காட்டினால் போதும் என்ற ஏற்பாட்டில், 2023-இல் வாரியமே நடத்திய சோதனையில், சில ஆலைகள் கொடுத்த சான்றுகளில் ஏறத்தாழ ஆறு இலட்சம் போலி என்று அம்பலமாயிற்று. பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யச் சொன்னால், காகிதத்தைச் சுழற்றினார்கள்!

வரியின் கதையையும் சொல்லவேண்டும். பிளாஸ்டிக் கழிவின் மீதான ஜி.எஸ்.டி., 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. சுமை யார் தலையில் இறங்கும்? ஆலையா தாங்கும்? மொத்த வியாபாரியா தாங்குவார்? படிப்படியாக இறங்கி, கோணிப்பையின் விலையில்தான் வந்து விழும். குப்பையைக் குறைத்துக் கொடுப்பவருக்கு நாடு தரும் பரிசு இதுதானா?

எரித்துவிட்டால் என்ன?

"ஏன் இத்தனை தொல்லை? மொத்தமாக எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே!" என்று யோசனை கூறுவோர் உளர். கூறட்டும், கேட்போம், கேட்டுவிட்டு விடையும் அளிப்போம்.

நம் நாட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி சமையற்கழிவு. ஈரம் மிகுந்தது, எளிதில் எரியாது. எரியவேண்டுமானால் அதிலே காகிதமும் பிளாஸ்டிக்கும் இருக்கவேண்டும். அதாவது, பொறுக்குவோரின் பிழைப்பாக இருப்பதையே அடுப்பில் போடவேண்டும். மீண்டும் பொருளாகக் கூடியதைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைப் புதைக்க இன்னோர் இடம் தேடவேண்டும். இது சிக்கனமா?

இன்னொன்றும் உண்டு. குப்பை அள்ளும் வேலையை எடைக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தம் விடுகிறார்கள். எடைக்குக் கூலி என்றால், ஒப்பந்தக்காரர் பிரிப்பாரா? பிரித்தால் எடை குறையும், எடை குறைந்தால் பணம் குறையும்! நனைத்தே அனுப்பினாலும் வியப்பதற்கில்லை. குவிப்பதற்குக் கூலி கொடுத்துவிட்டு, குவிந்துவிட்டதே என்று கண்ணீர் விடுவது என்ன நியாயம்? பிறகு அந்தக் குவியலைத் தோண்டிப் பிரிக்கத் தனிச் செலவு. பெருங்குடி மேட்டை அகழ்ந்து பிரிக்கப் போட்ட திட்டம் மட்டும் ஏறத்தாழ 350 கோடி ரூபாய். வாசலிலேயே பிரித்திருந்தால் இந்தக் கோடிகள் பள்ளிக்கூடமாகியிருக்குமே, மருத்துவமனையாகியிருக்குமே!

புனே காட்டிய வழி

வழி இல்லாமலில்லை. புனே நகரைப் பாருங்கள். அங்கே 1993-இல் குப்பை பொறுக்குவோர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். பெரும்பாலோர் பெண்கள், ஒடுக்கப்பட்டோர். தொழிலாளர் தலைவர் பாபா ஆதவ் அவர்களுக்குத் துணை நின்றார். முதற்கோரிக்கை என்ன தெரியுமா? பணமன்று. அடையாள அட்டை! "நாங்கள் திருடர்களல்லர், தொழிலாளர்கள்" என்று சொல்லும் ஒரு துண்டு அட்டை. அதைப் போராடிப் பெற்றனர். 2008-இல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைத்து, மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். குப்பைமேட்டில் பொறுக்கியவர், வீட்டு வாசலில் நின்று பிரித்த குப்பையைப் பெற்றுக்கொள்ளும் பணியாளரானார். வீட்டார் மாதக் கட்டணம் தருகின்றனர். விற்கத்தக்க பொருள் அவர்களுக்கே சொந்தம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே வாழ்வு.

முதலாளி வந்து கற்றுக் கொடுத்ததன்று இது. சங்கம் கற்றுக் கொடுத்தது!

நம் கடமை

தோழர்களே, கட்சிக் கண்ணாடியைச் சற்றுக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கவேண்டிய செய்தி இது. அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். எடைக்குக் கூலி என்ற ஒப்பந்த முறை மாறட்டும். பிரித்ததற்குக் கூலி கிடைக்கட்டும். வார்டுக்கு வார்டு பிரிக்கும் கொட்டகை வரட்டும். அதை நடத்தும் உரிமை பொறுக்குவோரின் கூட்டுறவுக்கே போகட்டும். பேட்டரியும் கம்பியும் உருக்குவோருக்கு முகமூடியும் புகைபோக்கியும் உள்ள பொதுக்கூடம் அமையட்டும். பிரிக்க இயலாத சாஷேயைச் செய்பவர், அதை ஒழிக்கும் செலவையும் தாமே ஏற்கட்டும். பொறுக்குவோரின் பிள்ளைகள் மேட்டுக்கல்ல, பள்ளிக்குப் போகட்டும்.

அரசிடம் கேட்கும் வாய், வீட்டிலும் பேசவேண்டும். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும் இரண்டு வாளிகள் வையுங்கள். ஈரம் ஒன்றில், உலர்ந்தது ஒன்றில். பேட்டரியும் குழல்விளக்கும் தனியே. செலவு ஒரு காசில்லை, நேரம் ஐந்து நிமிடம். நம் கூட்டங்கள் முடிந்ததும் மைதானத்தில் என்ன கிடக்கிறது? தண்ணீர்ப் பாக்கெட், தேநீர்க் கோப்பை, கொடித் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள்! மேடையில் ஏழைக்காக முழங்கிவிட்டு, விடிந்ததும் அந்த ஏழை குனிந்து பொறுக்கும்படி விட்டுச் செல்வது நமக்கு அழகா? அடுத்த கூட்டத்தில், கலைவதற்கு முன் மைதானத்தைப் பிரித்துச் சேர்த்து, உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைவோம். கிளைக்குக் கிளை இதை வழக்கமாக்குவோம்.

தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் ஆலைக்குள் வரும் பழைய இரும்பும் நொறுங்கிய பிளாஸ்டிக்கும் யார் கைபட்டு வந்தன என்று கேளுங்கள். அந்தக் கைகளுக்கும் சங்கம் வேண்டும். உங்கள் சங்கத்துக்குப் பக்கத்திலே அவர்களுக்கும் ஓர் இடம் போடுங்கள்.

பேரீச்சம்பழக்காரரின் குரல் இன்று தெருக்களில் அருகிவிட்டது. ஆனால், கோணிப்பையைச் சுமக்கும் தோள் மட்டும் ஓயவில்லை. நாளை விடியலில் அந்தப் பெண் உங்கள் தெருவுக்கு வருவார். அவர் குப்பைத்தொட்டிக்குள் கைவிடும் முன்பே, பிரித்து வைத்ததை அவர் கையில் கொடுங்கள். "அம்மா" என்று அழைத்துக் கொடுங்கள். நாட்டின் செல்வத்தைக் காப்பவருக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை அதுவாக இருக்கட்டும்!